கணக்கு தீராத பிள்ளைகள்

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தை ஊரார் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். வழியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் குடும்பத்து மூதாட்டி சாக்லேட் கொடுத்திருந்தார். அவர் செய்தது அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் இறங்கிவிட்டது என்ற வதந்தி பல நாட்களாக வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. மூதாட்டி இறந்துபோனார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே சந்தேகத்துக்குப் பலியானார்.

அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தென்னையும் கூரையும் போன பிறகு, டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்து விவசாயக் கூலி ஒருவர், 36,000 ரூபாய் வாங்கிக்கொண்டு தன் சின்ன மகனை நாகப்பட்டினம் பக்கத்தில் ஆடு மேய்க்க விட்டிருந்தார். அதிகாரிகள் போய் அந்தப் பிள்ளையை மீட்டார்கள். அவனுக்காக எந்த ஊரும் கூடவில்லை, யாரும் கல்லெடுக்கவில்லை. பிள்ளையை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லையே. தகப்பனே கையைப் பிடித்து அழைத்துப்போய் விட்டுவிட்டு வந்தார். பணம் கொடுத்தவரும் முகம் தெரியாத ஆளில்லை.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பிள்ளைக் கடத்தலைப் பற்றி நம் ஊர்களுக்கு இருக்கும் பயம் எந்தத் திசையில் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியும். வெளியூர்க்காரன், மூடிய வேன், மயக்க மருந்து தடவிய மிட்டாய் என்று அது வாசலுக்கு வெளியே பார்க்கிறது. நம் கிராமங்களில் பெரும்பாலான பிள்ளைகளோ வாசல் வழியாக, பெற்றோர் பார்த்திருக்க, ஒரு கடன் தொகையின் பெயரால் போகிறார்கள். அந்தத் தொகைக்கு ஊரில் பெயர் ‘அட்வான்ஸ்’.

இதில் ‘கடத்தல்’ என்ற சொல்லுக்கும் ஒரு பங்குண்டு. ஆளைத் தூக்கிப்போவது, தங்கம் கடத்துவது, மணல் கடத்துவது எல்லாவற்றுக்கும் தமிழில் அதே சொல். அந்தச் சொல்லில் இருட்டும் வேகமும் வன்முறையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சட்டம் சொல்வது வேறு. 2000ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறையில் 2011இல் இந்தியாவும் இணைந்தது. சுரண்டும் நோக்கத்தோடு 18 வயதுக்குட்பட்ட ஒருவரை வேலைக்கு எடுத்தாலும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனாலும், வாங்கி வைத்துக்கொண்டாலும் அது ஆள்கடத்தல்தான் என்கிறது அது. மிரட்டினார்களா, ஏமாற்றினார்களா என்ற கேள்வியே குழந்தை விஷயத்தில் எழாது. டெல்லி வன்கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 143ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது அங்கும் பொருட்டில்லை. ஒரு குழந்தையைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு சிறை. ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் குறைந்தது 14 ஆண்டு.

சட்டம் இவ்வளவு விரிவாக இருந்தும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுவதும் பதிவான ஆள்கடத்தல் வழக்குகள் 2,250. பாதிக்கப்பட்டவர்கள் 6,036 பேர், அவர்களில் 2,878 பேர் குழந்தைகள். இந்தியாவில் இருக்கும் மாவட்டங்களைக் கொண்டு வகுத்தால் ஒரு மாவட்டத்துக்கு ஆண்டில் நான்கு குழந்தைகூடத் தேறாது. நடப்பது அவ்வளவுதான் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டுக்கிடையிலும் வாத்துப்பட்டியிலும் செங்கல் சூளையிலும் இருக்கும் பிள்ளைகளை இந்தக் கணக்கு எழுதியவர்கள் கடத்தப்பட்டவர்களாகப் பார்க்கவில்லை என்பதுதான் சரியாக இருக்கும்.

காவிரிப் படுகையில் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் வெறுமையாகும். அப்போது ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தைகள் வலசை வரும். பகலில் தரிசிலும் வரப்பிலும் மேயும். இரவில் ஒருவர் வயலில் வலை கட்டி அடைத்துக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அதற்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று நிலக்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12ஐ ஒட்டி வயலில் மறுபடி தண்ணீர் ஏறும்வரை மந்தை ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கும். தலைமுறைகளாக நடக்கும் நல்ல ஏற்பாடு இது. மண்ணுக்கு எருவும் மந்தைக்குத் தீனியும் ஒரே சமயத்தில் கிடைக்கின்றன. மந்தையை நடத்தும் கீதாரிகளின் கடும் உழைப்பையும் வீடு தங்காத வாழ்வையும் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அவர்களில் பலரும் தங்கள் சொந்த உழைப்பில், சொந்தக் குடும்பத்தோடு மந்தையை நடத்துகிறவர்கள்.

மந்தை பெருகும்போதுதான் ஆள் தேவைப்படுகிறது. வளர்ந்த ஆளுக்குக் கூலி அதிகம், அவன் கேள்வி கேட்பான், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போவான். ஒன்பது பத்து வயதுப் பையன் அப்படிப் போக மாட்டான். போகத் தெரியாது என்பதுதான் சரி. மந்தை ஓர் ஊரில் சில ராத்திரிகளுக்கு மேல் தங்குவதில்லை. தான் நிற்கும் இடத்துக்கு என்ன பெயர் என்றே பையனுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தார் முகம் பழகுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். பூட்டும் சுவரும் இல்லாத சிறை அது. விடிவதற்கு முன் எழுந்து, பொழுது முழுவதும் வெயிலில் ஆட்டின் பின்னால் நடந்து, ராத்திரி கிடையோரத்தில் ஒரு சாக்கை விரித்துப் படுப்பான். நரி வந்தாலும் திருடன் வந்தாலும் முதலில் விழிக்க வேண்டியவன் அவன்தான்.

அவனைக் கட்டி வைத்திருப்பது கணக்கு. பெற்றோர் வாங்கிய தொகைக்கு எதிராக அவன் உழைப்பை ஆண்டுக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் மதிப்பிட்டிருப்பார்கள். எழுதியிருந்தாலும் அந்த நோட்டு முதலாளியிடம்தான் இருக்கும். ஒரு குட்டி தொலைந்தால் அதன் விலை கணக்கில் ஏறும். ஆடு அடுத்தவன் பயிரில் வாய் வைத்தால் தண்டம் ஏறும். காய்ச்சலில் படுத்த நாள் கழியும். திருவிழாவுக்குத் தகப்பன் வந்து கூடுதலாக வாங்கிப்போன 2,000 ரூபாயும் சேரும். வருடம் முடிந்து ‘கணக்கு தீர்ந்துச்சா’ என்று கேட்டால் ‘இன்னும் நிக்குது’ என்று பதில் வரும். தீராத கணக்குக்காக இந்தப் பிள்ளை அடுத்த வருடமும் இருப்பான், சில வீடுகளில் தம்பியும் வந்து சேர்வான்.

இதே மண்ணில் இதற்கு முன் என்ன இருந்தது என்பதை மறக்க முடியாது. பண்ணையாள் முறையில் தகப்பன் ஏர் ஓட்டினால் மகன் பண்ணை மாட்டை மேய்த்தான். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குக் குடும்பமே கட்டுப்பட்டுக் கிடந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த அந்த முறையை எதிர்த்து 1940களில் பி. சீனிவாச ராவும் தோழர்களும் கீழத்தஞ்சையின் சேரிகளில் சங்கம் கட்டினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிலத்தோடு கட்டிய கயிறு அப்படி அறுந்தது. மந்தையோடும் பட்டியோடும் கட்டிய கயிறு அறுபடவில்லை. பழைய முறையில் அடிமையாக இருந்தவனுக்குச் சுற்றிலும் தன் தெரு இருந்தது, அந்தத் தெருவே பின்னால் சங்கமானது. இன்றைய பையனுக்குத் தெருவும் இல்லை.

வாத்துப்பட்டியிலும் இதே வழிதான். அறுவடை வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் தேடி வாத்துக் கூட்டம் மாவட்டம் தாண்டி, மாநிலம் தாண்டிப் போகும். சேற்றிலேயே நின்று கால்விரல் இடுக்குகள் புண்ணாகிப்போன பிள்ளைகள் அதன் பின்னால் போவார்கள். இருளர், யானாதி சமூகத்துப் பிள்ளைகள் இதில் மீண்டும் மீண்டும் மீட்கப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று.

2025 மே மாதம் காஞ்சிபுரம் அருகே பாலாற்றுப் பக்கத்தில் ஒரு குழந்தையின் உடல் தோண்டி எடுக்கப்பட்டது. ஆந்திரத்து யானாதிக் குடும்பம் ஒன்றின் ஒன்பது வயது மகன். வாத்து வளர்க்கும் ஒருவரிடம் வாங்கிய 25,000 ரூபாய்க் கடனுக்கு ஈடாக அவனை விட்டுவிட்டுத்தான் தாயால் அங்கிருந்து வெளியேற முடிந்தது. கணவர் இறந்துவிட்டிருந்தார். வட்டியோடு சேர்த்து 45,000 என்றார்கள். எப்படியோ பணத்தைப் புரட்டிக்கொண்டு பிள்ளையைத் திருப்பக் கேட்டபோது, அவன் ஓடிப்போய்விட்டான் என்று பதில் வந்தது. பிறகு காவல்துறையிடம் போனார்கள், குழியைக் கண்டுபிடித்தார்கள், வாத்து வளர்த்தவர்கள் கைதானார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என்னை விடாமல் உறுத்துவது அந்த 45,000 ரூபாய். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்தத் தாய் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. கொத்தடிமைக் கடன் அந்தச் சட்டத்தால் அழிந்துவிட்ட கடன். அழிந்த கடனுக்கு எதிராகப் பணம் வாங்குவதே மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கடன் வாங்கியவர் தானாகவோ, தன் குடும்பத்தாரில் ஒருவர் வழியாகவோ, தன்னை நம்பியிருக்கும் ஒருவர் வழியாகவோ உழைப்பைத் தர நேர்ந்தால் அது கொத்தடிமைமுறை என்று அதன் விளக்கம் தெளிவாகவே சொல்கிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1933இல், தனிச் சட்டம் இயற்றினார்கள். ஒரு தாய் அந்தக் கடனை உண்மையென்று நம்பிப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த நாட்களில், இந்தச் சட்டங்களை அவள் காதில் போட ஒருவரும் இல்லை. பிள்ளை அங்கே இருந்தான் என்று அறிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அந்தக் கடன் கடனே அல்ல என்று அவளிடம் சொல்லத்தான் யாருமில்லை.

நூற்பாலைகளும் முறுக்குக் கம்பெனிகளும் வேறு தோற்றத்தில் இதையே செய்தன. மூன்று வருடம் ஆலை விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் திருமணத்துக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, கொங்குப் பகுதிக்கும் திண்டுக்கல்லுக்கும் தென்மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை அழைத்துப்போனார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அங்கே அட்வான்ஸ் தலைகீழாக நின்றது. முன்னால் தருவதற்குப் பதில் பின்னால் தருவதாகச் சொல்லி, மூன்று வருடமும் வெளியேற முடியாமல் செய்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் திரும்பிய பெண்ணுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போகும். முறுக்குக்கு மதுரை, தேனி மாவட்டத்துப் பையன்கள் வடமாநிலங்களுக்குப் போனார்கள். எண்ணெய்ச் சட்டியின் முன்னால், மொழி தெரியாத ஊரில்.

எந்த நாளில் ஒரு குடும்பம் பிள்ளையை விட்டுக்கொடுக்கிறது? வறுமை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. வறுமை வருடம் முழுவதும் இருக்கிறது, பிள்ளை போவது ஒரு குறிப்பிட்ட நாளில். ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குப் பணம் கட்டச் சொன்ன நாள். சாவு வீட்டில் காரியத்துக்குப் பணமில்லாத நாள். கூரை பறந்த மறுநாள். ஏற்கெனவே வாங்கிய வட்டிக்காரன் வாசலில் வந்து உட்கார்ந்த நாள். அந்த நாளில் அரை மணி நேரத்துக்குள் கையில் பணம் வைப்பவர் யாரோ அவர்தான் அந்தக் குடும்பத்துக்குக் கடவுள். வங்கி வைக்காது. பட்டா இல்லை, பல இருளர் வீடுகளில் சாதிச் சான்றிதழே இல்லை. மகளிர் குழுவில் சேரும் அளவுக்கு ஓரிடத்தில் தங்கியிருக்கவும் இல்லை. நூறு நாள் வேலையின் கூலி மாதக்கணக்கில் தாமதமான காலங்களில் அதுவும் கைகொடுக்கவில்லை. மேஸ்திரியோ ஏஜெண்டோதான் வைப்பார். அவர் பெரும்பாலும் தெரிந்தவராக இருப்பார், சில நேரம் உறவுக்காரராகவே இருப்பார். ‘சும்மா இருக்குற பையன்தானே, மூணு வேளை சோறாவது கிடைக்கும்’ என்பார். இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சோறு அந்த வீட்டில் சில நாள் உண்மையிலேயே இல்லை.

அதனால்தான் பள்ளிக்கூடத்துச் சோற்றை நான் தடுப்பு நடவடிக்கையாகவே பார்க்கிறேன். 1982இன் சத்துணவும், 2022இல் தொடங்கி அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த காலை உணவும் தரகரின் அந்த வாக்கியத்தை வாயிலேயே அடைக்கின்றன. பள்ளி மூடினால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இருபது மாதங்களில் பிள்ளை வீட்டில் ‘சும்மா’ இருந்தான், வீட்டில் வருமானமும் இல்லை. திறந்த அன்று வராத பிள்ளைகளின் பட்டியலை ஒவ்வோர் ஊரிலும் வீடு வீடாகச் சரிபார்த்திருந்தால் எத்தனையோ கிடைகள் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

கிராமத்தில் தடுப்பு என்றதும் குழு அமைப்பதுதான் அரசின் பழக்கம். கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கிறது, தலைவர் ஊராட்சித் தலைவர். பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 உதவி எண் ஊர்ச் சுவர்களில் எழுதியிருக்கிறது. இவற்றில் எதையும் நான் வீண் என்று சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி ‘சந்தேகத்துக்குரிய அந்நியர் யாராவது வந்தார்களா’ என்பது அல்ல. எந்த வீட்டில் சாவு விழுந்தது, எந்த வீட்டில் பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, எந்தப் பிள்ளை தொடர்ந்து பத்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் அங்கன்வாடி ஊழியருக்கும் கிராம செவிலியருக்கும் ஏற்கெனவே தெரியும். மூன்றாவது ஆசிரியருக்குத் தெரியும். மூவரும் ஒரே ஊரில் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் வீட்டுக்குப் போனால் ‘பாட்டி ஊருக்குப் போயிருக்கான்’ என்பார்கள். எந்த ஊர், பாட்டி பெயர் என்ன, போனில் பேசலாமா என்று அடுத்த மூன்று கேள்விகளைக் கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று கேள்விகளில் மீண்டவர்களும் இருக்கிறார்கள்.

பிள்ளையை அனுப்பும் ஊரை மட்டும் குற்றம் சொல்லி வந்திருக்கிறோம். பிள்ளை போய்ச் சேரும் ஊரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிடை போடப் பணம் கொடுக்கும் நிலக்காரர் அந்தப் பையனைத் தன் வயலிலேயே பார்க்கிறார். வாத்து இறங்கும் வயலுக்குச் சொந்தக்காரர் பார்க்கிறார். டீக்கடைக்காரர் பார்க்கிறார். மந்தை ஊருக்குள் வரும்போது ஊராட்சிக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியாமல் இருப்பதில்லை. மந்தையில் 14 வயதுக்குக் கீழே வேலைப் பிள்ளை இருந்தால் எங்கள் ஊர் வயலில் கிடை இல்லை என்று டெல்டாவின் ஊராட்சிகள் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டால், அதற்குப் பணம் எதுவும் செலவில்லை. மந்தைக்காரருக்கு அந்த வயல் தேவை. இந்தத் தீர்மானத்தை அவரால் மதிக்காமல் இருக்க முடியாது. சொந்தப் பிள்ளைதான் என்று அவர் சொன்னால், எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த தடுப்பு வழிகளில் இதைவிட எளிதானது இல்லை.

மீட்பைப் பற்றி நம்மிடம் சினிமாத்தனமான ஒரு எண்ணம் இருக்கிறது. ஜீப் வருகிறது, பிள்ளை ஏறுகிறான், செய்தியாளர்கள் படம் எடுக்கிறார்கள். உண்மையான மீட்பு அதற்குப் பின், கோட்டாட்சியர் அலுவலகத்தில், ஒரு தாளில் எந்தச் சொல்லை எழுதுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ‘குழந்தைத் தொழிலாளர்’ என்று எழுதினால் ஒரு பாதை. முதலாளிக்கு அபராதம், பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை. அதோடு கோப்பு மூடும். பெற்றோரின் கடன் தொடப்படாமல் அப்படியே நிற்கும். ‘கொத்தடிமை’ என்று எழுதி விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தால் கடன் அந்த நிமிடமே சட்டப்படி அழிகிறது. ஆள்கடத்தல் பிரிவையும் சேர்த்து முதல் தகவல் அறிக்கை போட்டால் வழக்கின் எடையே மாறுகிறது. ஒரே பையன், ஒரே கிடை, ஒரே 36,000. எழுதுகிறவரின் பேனாவைப் பொறுத்து அவன் மூன்று வெவ்வேறு ஆட்களாகிறான்.

விடுவிப்புச் சான்றிதழ் இருந்தால் 2016ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டத்தின்படி உடனடி உதவியாக இப்போது 30,000 ரூபாய் வரை கிடைக்கும். முழு மறுவாழ்வுத் தொகை வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளிலிருந்து மீண்டவர்களுக்கு 3 லட்சம். ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி இதற்கென ஆட்சியர் கையில் இருக்க வேண்டும். ஆனால் முழுத் தொகையைக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு இணைத்துவிட்டது அந்தத் திட்டம். இது எனக்கு ஏற்க முடியாத ஏற்பாடு. சாட்சிகள் மந்தையோடு ஊர் ஊராகப் போனவர்கள், வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழப்பவர்கள். வழக்கு தோற்பதற்கு அந்தக் குழந்தை எந்த வகையில் பொறுப்பு? 1976 சட்டம் அமலுக்கு வந்தபோதே இதில் ஏழைக்கு எது கடினம் என்று அறிந்திருந்தது. அந்தக் கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மேலேயே வைத்தது. 1982இன் ஆசியாட் தொழிலாளர் வழக்கிலும் 1984இன் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கிலும் நீதிபதி பகவதி அந்த அறிவைத்தான் நீட்டினார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கிய உழைப்பு கட்டாய உழைப்பே என்றது முதல் தீர்ப்பு. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும் என்றது அடுத்தது. திட்டத்தை எழுதியவர்கள் அதை மறந்தார்கள்.

சொல்லை எழுதத் தயங்குவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை தந்தது. அரசு இயந்திரம் அந்த எண்ணை ஏற்கவே இல்லை. கொத்தடிமை இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வதை மாவட்ட நிர்வாகத்தின் தோல்வியாகப் பார்க்கும் மனநிலை இன்னும் போகவில்லை. 2030க்குள் 1.84 கோடிப் பேரை விடுவிப்பதாக 2016இல் மத்திய அரசு இலக்கு சொன்னது. 1978 முதல் 2023 தொடக்கம் வரை, நாற்பத்தைந்து ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டவர்கள் சுமார் 3.15 லட்சம் பேர்தான்.

வீடு திரும்பிய பிள்ளையைப் பற்றி எந்தப் படிவமும் கேட்காத விஷயங்கள் உண்டு. பத்து வயதில் போய்ப் பன்னிரண்டில் திரும்பியவனைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஏழாம் வகுப்பில் உட்காருவான். அவனுக்கு ‘ஆ’வன்னாவும் மறந்திருக்கும். கூடவே சிறப்புப் பயிற்சி தரவும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பயிற்சி நடந்தால் பிள்ளை தங்குவான், நடக்காவிட்டால் இரண்டே மாதத்தில் எழுந்து போய்விடுவான். 1988 முதல் இதற்கென்றே இயங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்பு மையங்கள், அந்தத் திட்டம் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தோடு இணைந்தபோது மூடப்பட்டன. அங்கே ஒரே அறையில் ஒரே நிலையில் உள்ள பிள்ளைகள் இருந்தார்கள், யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் ஒரு மந்தையைக் காத்தவனைச் சின்னப் பிள்ளையாக நடத்தினால் அவனுக்குப் பிடிக்காது. நூறு ஆட்டில் எது இல்லை என்று எண்ணாமலே சொல்லத் தெரிந்தவன் அவன். நோய் கண்ட ஆட்டை நடையிலேயே கண்டுபிடிப்பான். அதே நேரம் ராத்திரியில் சின்னச் சத்தத்துக்கும் அலறி எழுந்து உட்காருவான். தகப்பனோடு பேச மாட்டான். தன்னை விற்றது தகப்பன் என்று அவனுக்குத் தெரியும். எதற்காக விற்றார் என்பதும் தெரியும், தங்கையின் ஆபரேஷனுக்காக என்றால் கோபப்படவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்கக் காப்பகத்தில் சேர்ப்பது வழியில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்குள்ளேதான் அவிழ வேண்டும். அதற்கு முதலில் வீடு நிற்க வேண்டும். சாதிச் சான்றிதழ், பட்டா, குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக அந்த வீட்டுக்கு வந்து, அடுத்த ஆஸ்பத்திரிச் செலவு வரும் நாளில் மேஸ்திரியைத் தவிர வேறு ஒருவர் கையிலும் பணம் இருக்க வேண்டும். பெற்றோரைச் சிறையில் தள்ளினால் பிள்ளைக்கு நீதி கிடைத்துவிடும் என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம், அந்த இரவு பிள்ளைக்குச் சோறு போடப்போவது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

வடமாவட்டங்களில் அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இருந்து விடுதலையானவர்கள், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் சங்கம் என்று தங்களுக்கென ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். கடத்தலிலிருந்து மீண்டவர்கள் பல மாநிலங்களிலிருந்து ஒன்றுசேர்ந்து 2019இல் தேசிய அளவிலும் ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஒரு குடும்பம் விடுதலையாகி வரும்போது தாலுகா ஆபீசுக்குக் கூடப் போவது, மனு எழுதுவது, முதல் வாரத்துக்கு அரிசி சேர்த்துக் கொடுப்பது எல்லாம் இவர்களால் முடிகிறது. இன்னொன்றும் முடிகிறது. விசாரிக்க வரும் அலுவலர் பையனிடம் வழக்கமாக ‘உன்னை அடிச்சாங்களா? சோறு போட்டாங்களா?’ என்று கேட்பார். அடிக்கவில்லை, சோறு போட்டார்கள் என்று அவன் சொல்லிவிட்டால் அங்கேயே விசாரணை தளர்ந்துவிடும். அந்த இடத்தில் இருந்து மீண்டு வந்தவருக்கு வேறு கேள்வி தெரியும். பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, ‘ஊருக்குப் போகணும்னு என்னைக்காவது கேட்டியா சாமி? கேட்டப்ப அவங்க என்ன சொன்னாங்க?’ என்று கேட்பார்.